ஐந்தெழுத்துப் பூட்டு

பூட்டக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் குரல் இறங்கும். ஏறாது. கத்துகிறவர்களுக்கு யாரும் பயப்படுவதில்லை, மெதுவாகப் பேசுகிறவர்களுக்குத்தான் பயப்படுவார்கள் என்பது அவள் கட்சி. அந்த இறங்கிய குரலைக் கேட்டு வாடகை வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்ற ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடியிருக்கிறான். பிறந்தபோதே கோபத்தோடு பிறந்தவள் என்று அவளுடைய நாத்தனார் கேலி செய்வாள். ஆமாம், அதில் என்ன தப்பு, கோபம் வராதவர்களால் இந்த உலகத்தில் என்ன நல்லது நடந்திருக்கிறது என்று இவள் திருப்பிக் கேட்பாள்.

மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் தொழிற்சாலையில், பெண்கள் உடை மாற்றும் அறை அவள் பொறுப்பு. செம்புக்கு விலை இருக்கிறது. அதனால் வேலை நடக்கும் கூடத்துக்குள் ஒரு பை போகக் கூடாது, பர்ஸ் போகக் கூடாது, போன் போகவே கூடாது. எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டு, நீலக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நீளமான அறை, இரண்டு பக்கமும் சாம்பல் நிற லாக்கர்கள், நடுவில் ஒரு பெஞ்சு, கடைசியில் பாதரசம் போன ஒரு கண்ணாடி. எவ்வளவு கழுவினாலும் வார்னிஷ் நாற்றம் போகாது. அந்தப் பெண்களின் தலைமுடியிலும் அதுதான், சாப்பாட்டு டப்பாவிலும் அதுதான்.

பூட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாவி கொடுத்தால் தொலைத்துவிடுகிறார்கள் என்று கம்பெனி மொத்தமாகச் சக்கரப் பூட்டு வாங்கிப் போட்டது. ஒவ்வொரு பூட்டிலும் ஐந்து சக்கரம், ஒவ்வொரு சக்கரத்திலும் பத்து ஆங்கில எழுத்து. ஆளாளுக்கு ஓர் ஐந்தெழுத்து வார்த்தையை வைத்துக்கொள்ளலாம், அது சேர்ந்தால் பூட்டு வாயைப் பிளக்கும். வாங்கியவன் மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கியிருப்பான் போலிருக்கிறது, ஏனென்றால் எழுத்துகள் அரைகுறை. புதிதாக வருகிற பெண்கள் எல்லாரும் முதலில் 'ஹேப்பி' என்றுதான் வைக்கப் பார்ப்பார்கள். மூன்றாம் சக்கரத்தில் அதற்கு வேண்டிய எழுத்து கிடையாது. "இந்தக் கம்பெனியில ஹேப்பி கெடையாதும்மா, வேற ஏதாவது பாரு" என்பாள் பூட்டக்கா, சிரிக்காமல்.

வைத்த வார்த்தையை மறப்பதும் சாவியைத் தொலைப்பதும் ஒன்றுதான் என்பது கம்பெனிக்கு அப்புறம்தான் புரிந்தது. மறந்தால் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஆள் கட்டர் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆண் ஆள் உள்ளே வர, எல்லாப் பெண்களும் வெளியே நிற்க வேண்டும். ஒருநாள் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபடி இருக்கிறது, போன் பூட்டுக்குள் கதறுகிறது, வார்த்தை மறந்துவிட்டது. கட்டர்காரன் சாப்பிட்டுவிட்டு வருகிறானாம். பூட்டக்காவுக்குக் காது சிவந்தது. அவள் அந்தப் பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து, இவள் என்ன வைத்திருப்பாள் என்று யோசித்து யோசித்துத் திருப்பினாள். கட்டர்காரன் சாப்பிட்டு முடிப்பதற்குள் பூட்டு திறந்துவிட்டது. கோபத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது. அன்றிலிருந்துதான் அவளுக்குப் பூட்டக்கா என்று பேர்.

வித்தை என்றால் மாயம் ஒன்றுமில்லை. சக்கரங்களை லட்சம் விதமாகத் திருப்பலாம், ஆனால் மனுஷி வைப்பது ஒரு வார்த்தை. அர்த்தமில்லாத எழுத்துகளை யாரும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்தெழுத்தில், இந்தச் சக்கரங்களில் இருக்கிற எழுத்துகளில் என்னென்ன வார்த்தை வரும் என்று தெரிந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. சாயங்காலம் நாத்தனார் போனை வைத்துக்கொண்டு உட்காருவாள். முதலில் எம், நடுவில் ஏதாவது, கடைசியில் ஈ என்று தட்டினால் வார்த்தை வார்த்தையாகக் கொட்டும். அவள் ஒவ்வொன்றாகப் படிப்பாள். பூட்டக்கா காய் நறுக்கிக்கொண்டே, "ஆகும், ஆகாது, ஆகும்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். பாதி வார்த்தைக்கு இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியாது. தெரியாத வார்த்தையை வேறு எவளும் வைக்க மாட்டாள் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கல்யாணம் ஆன புதிதில் 'ஹனி', கஷ்டத்தில் இருக்கிறவள் 'மனி', எப்போதும் தாகமாக இருக்கிறவள் 'வாட்டர்', கற்பனையே இல்லாதவள் 'மோட்டார்'. இப்படி ஆளைப் பார்த்து வார்த்தையைச் சொல்லும் அளவுக்கு இரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள் இவள். கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளைப் பார்த்து மாமியார், வாசலில் நாலு பேர் இருக்கும்போதே, "இது வேஸ்ட்" என்றாளாம். 'இவள்' என்றுகூடச் சொல்லவில்லை, 'இது' என்றாளாம். அதை அண்ணியிடம் மட்டும் சொல்லி அழுதாள். மறுநாள் பூட்டக்கா போய் அந்த மாமியாரிடம் மெதுவான குரலில் நாலு வார்த்தை பேசிவிட்டு, நாத்தனாரைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாத்தனாரின் புருஷன் தூரத்தில் கட்டட வேலை செய்கிறான், நல்லவன், அம்மா எதிரில் மட்டும் வாய் திறக்காதவன். மாதம் ஒரு தடவை இங்கேதான் வந்து போவான். நாத்தனாரைக் கம்பி சுற்றும் வரிசையில் சேர்த்துவிட்டதும் பூட்டக்காதான்.

பூட்டக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. பூட்டு பிளந்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். கதவைத் திறப்பது உரியவளின் வேலை. உள்ளே என்ன இருக்கிறதென்று இவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கடன் பத்திரமோ காதலன் படமோ, எனக்கென்ன என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைத்தான் ஒருத்தன் கண்டுபிடித்தான்.

அந்தப் பிரிவின் சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பேர் பல்லு. எந்நேரமும் சிரித்த முகம். திட்டும்போதும் சிரிப்பான், சம்பளம் பிடிக்கும்போதும் சிரிப்பான். அவன் ஒருநாள் வேலை நேரத்தில் பூட்டக்காவிடம் வந்து, கூடத்தில் செம்புக்கம்பி குறைகிறது, யாரோ கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து லாக்கரில் பதுக்குகிறார்கள், கூப்பிட்டுக் கேட்டால் உஷாராகிவிடுவார்கள், சத்தமில்லாமல் பார்த்துவிட்டால் நல்ல பெண்கள் மேல் பழி வராது என்று பக்குவமாகச் சொன்னான். கட்டர் வைத்தால் ஊரே தெரிந்துகொள்ளும், அக்கா கைபட்டால் பூட்டுக்கே தெரியாது என்று கொஞ்சம் ஐஸ் வைத்தான். திருட்டென்றால் பூட்டக்காவுக்குப் பொறுக்காது. ஒருத்தி திருட, அத்தனை பேரையும் வாசலில் தடவித் தடவி அனுப்புகிறார்களே என்ற ஆத்திரம் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. சரி என்றாள்.

அவன் எண் சொல்வான். அவள் திறப்பாள். திறந்ததும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பின்னால் பை திறக்கும் சத்தமும் காகிதம் புரளும் சத்தமும் கேட்கும். அப்புறம், "ஒண்ணுமில்லக்கா, பூட்டிடுங்க" என்பான். ஒண்ணுமில்லை என்று கேட்கும்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நம்ம பொண்ணுங்க எடுக்க மாட்டாங்க என்று அவனிடமே சொன்னாள். அவன் சிரித்தான். அவன் எப்போதுதான் சிரிக்கவில்லை?

கொஞ்ச நாளில் அறையின் காற்று மாறியது. பூட்டக்கா உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். வார்த்தை மறந்தவர்கள்கூட அவளிடம் வராமல் தாங்களே நெற்றியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். ஓவர்டைமைக் குறைத்துவிட்டார்கள், அந்த எரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் நாலு பெண்கள் வேலையிலிருந்து நின்றார்கள். எல்லாரும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக் கொடுப்பார்கள், இவர்களுக்கு நீட்டிக்கவில்லை. ஆர்டர் குறைவு என்று காரணம் சொன்னார்கள். பூட்டக்கா அதையும் நம்பினாள். வீட்டில் நாத்தனாரும் முன்னைப்போல இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். போனை எடுத்துக்கொண்டு வார்த்தை படிக்க உட்காருவதில்லை. புருஷனோடு போனில் ஏதோ சண்டை போலிருக்கிறது, தானாகச் சொல்லட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். ஊரில் உள்ளவர்களின் மனசை எல்லாம் பூட்டை வைத்துப் படித்தவளுக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை பாருங்கள்.

அப்புறம் ஒருநாள் பல்லு வந்து சொன்ன எண் நாத்தனாருடையது.

பூட்டக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. என் வீட்டுப் பெண்ணையே சந்தேகப்படுகிறாயா, வா, நன்றாகப் பார், பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போ என்று அழைத்துக்கொண்டு போனாள். நாத்தனாரின் வார்த்தை அவளுக்குத் தெரியும், 'லெமன்'. இரண்டு பேரும் சேர்ந்து வைத்தது. திருப்பினாள், திறக்கவில்லை. சரி, மாற்றியிருக்கிறாள். எனக்குச் சொல்லாமல் ஏன் மாற்றினாள் என்று ஒரு சுருக்கென்ற வலி. 'ஹனி' பார்த்தாள், 'ஹவுஸ்' பார்த்தாள், 'ஸ்மைல்' பார்த்தாள். பின்னால் அவன் நின்றுகொண்டிருக்கிறான். திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே. இவள் பிடிவாதக்காரி, சந்தோஷமான வார்த்தையை வைக்க மாட்டாள், மனசில் தைத்ததைத்தான் வைப்பாள் என்று யோசித்தாள். கை ஒரு நொடி நின்றது. அப்புறம் டபிள்யூ, ஏ, எஸ், டி, ஈ என்று திருப்பினாள். வேஸ்ட். பூட்டு திறந்துகொண்டது.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அந்த வார்த்தையையா தினமும் விரலால் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள் இந்தப் பெண்? அதே நேரத்தில் பின்னால் 'க்ளிக்' என்று போனில் படம் பிடிக்கும் சத்தம் கேட்டது. செம்புக்கம்பி இல்லை என்றால் எதைப் படம் பிடிக்கிறான்? அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பூட்டக்கா திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனாரின் பை பிரிந்து கிடந்தது. பல்லு ஒரு கையில் மாத்திரை அட்டையும் இன்னொரு கையில் ஆஸ்பத்திரி ஸ்கேன் காகிதமும் பிடித்திருந்தான். அந்தக் காகிதத்தில் இருந்த சாம்பல் நிற மங்கல் படம் என்ன என்று பூட்டக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு மாதம். அவள் வீட்டில், அவள் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டு, நாலு மாதம்.

நாலு பெண்கள் வேலையிலிருந்து நின்றது அப்போதுதான் அவளுக்கு வரிசையாக விளங்கியது. பேறுகால விடுப்பும் சம்பளமும் கொடுக்க வேண்டிவரும் என்று, வயிறு தெரிவதற்கு முன்பே கழித்துக்கட்டியிருக்கிறார்கள். செம்பும் இல்லை, திருட்டும் இல்லை. திருடியது இவர்கள், கன்னம் வைத்துக் கொடுத்தது இவள்.

"இது ஆபீஸ் விஷயம்க்கா, நீங்க எப்பவும் போல அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றான் அவன்.

அவள் அந்தக் காகிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். மாத்திரையையும் பிடுங்கினாள். படத்தை அழி என்றாள். குரல் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. அவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான், ஆனால் சிரிப்பு போகவில்லை. அழித்தால் என்ன, பார்த்த கண்ணை என்ன செய்வீர்கள் என்றான். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, அது அதன்பாட்டில் முடியும். யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வேலை போனால் போகட்டும், கூழோ கஞ்சியோ குடித்துக்கொள்ளலாம். ஆனால் இலவச வைத்தியத்துக்குக் கம்பெனி கொடுத்திருந்த அட்டை போய்விடும். இரண்டு தடவை கலைந்தவளுக்கு இந்தத் தடவை வாரம் தவறாமல் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தது அந்தக் காகிதத்திலேயே இருந்தது. அட்டை இருக்கிறவரை ஊசி உண்டு. அட்டை இல்லாமல் அந்த ஊசியை வாங்க இவர்கள் குடும்பத்தில் யாராலும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பூட்டக்கா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். நாத்தனார் அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். பூட்டக்கா பொரிந்து தள்ளினாள். என்னிடம் மறைத்தாயா, ஊர் உலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குமா தெரியக் கூடாது, நான் என்ன உன் மாமியாரா, உன்னைப் பெட்டியோடு கூட்டிவந்தவள் நான் இல்லையா என்று மூச்சு விடாமல் கேட்டாள். சொல்லியிருந்தால் அந்த லாக்கரை நான் தொட்டிருப்பேனா என்றாள்.

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அவனுக்குத் திறந்து குடுக்கறது எல்லாருக்கும் தெரியும் அண்ணி. நாங்க சக்கரத்தை ஒரு மாதிரி வெச்சுட்டுப் போவோம், வந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும். கட்டர் இல்லாம திறக்கற ஆள் உங்களை விட்டா யாரு?"

பூட்டக்கா செம்பு என்றாள், திருட்டு என்றான் அவன் என்றாள், நான் உள்ளே பார்த்ததேயில்லை என்றாள்.

"அதைத்தான் சொல்றேன். நீங்க பார்க்கவே இல்லை. நாலு பேர் போனாங்க. அப்பவும் நீங்க பார்க்கலை."

நாத்தனாருக்கு இப்போதுதான் அழுகை வந்தது.

"லெமன்னு இருந்தா உங்களுக்குத் தெரியும்னுதான் மாத்தினேன். வேற எதை வெச்சாலும் கண்டுபிடிச்சுடுவீங்க. இந்த வார்த்தைய மட்டும் வெச்சா, இது மனசுல வந்தாக்கூட உங்க கை நின்னுடும்னு நினைச்சேன். உங்ககிட்ட மட்டும்தானே அதைச் சொல்லி அழுதேன்."

கை நின்றது, ஒரு நொடி நின்றது என்று பூட்டக்கா சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன பிரயோஜனம். அன்று அந்த வீட்டில் இரண்டு பேருமே சாப்பிடவில்லை. கர்ப்பிணி பட்டினி கிடக்கக் கூடாதே என்று ஒரு தட்டில் போட்டு அவள் பக்கம் தள்ளினாள். நாத்தனார் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பூட்டக்காவுக்குப் பல்லுமேல் வந்த கோபம் பெரிதா, தன்மேல் வந்த கோபம் பெரிதா என்று சொல்லத் தெரியவில்லை. பல்லுவைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. தன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை, ஒரு ஷிப்டு முடிந்து இன்னொரு ஷிப்டு தொடங்கும் நேரம். அறை கொள்ளாத கூட்டம். பூட்டக்கா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"உங்க லாக்கரைத் திறந்தது நான்தான்" என்றாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. கம்பி சுற்றும் வரிசையின் மூத்தவள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தெரியும் என்றாள். உள்ள பார்க்கலைன்னு மட்டும் இப்ப சொல்லிடாதீங்க, அதைக் கேட்டா எங்களுக்கு இன்னும் வயிறு எரியும் என்றாள். பூட்டக்கா அதைச் சொல்லவில்லை. எப்படித் திறக்கிறேன் என்று சொன்னாள். வார்த்தை வைக்கிறவரை என்னாலும் திறக்க முடியும், என்னைப்போல இன்னொருத்தியாலும் முடியும். வார்த்தையே வைக்காதீர்கள், அர்த்தமில்லாமல் எதையாவது வைத்துக் கையிலேயே நாலு நாள் எழுதிப் பாருங்கள், மனசில் நின்றுவிடும் என்றாள். இத்தனை வருஷம் காய் நறுக்கிக்கொண்டே சேர்த்த வித்தையைப் பெஞ்சின்மேல் நின்றபடி போட்டு உடைத்தாள். அப்புறம் ஒருத்தி தன் பூட்டின் பக்கம் போனாள். அப்புறம் இன்னொருத்தி. அறை முழுக்கச் சக்கரம் உருளும் சத்தம்.

இறங்கி, நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். பெரியக்கா வந்தாள். இன்னும் பலர் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். கூடத்தில் மெஷின்கள் ஓடவில்லை.

மேனேஜர் சின்ன வயசு, மரியாதை தெரிந்தவன். உட்காருங்கம்மா என்று நாற்காலி போட்டான். பல்லு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது பெரிதாக்க வேண்டிய விஷயமில்லை என்றான். உங்கள் நாத்தனாருக்கு இப்போதே நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறேன். அட்டையும் இருக்கும், விடுப்பும் உண்டு. அந்தப் படத்தை உங்கள் எதிரிலேயே அழிக்கச் சொல்கிறேன். போன நாலு பேர் போனவர்கள், அது முடிந்த கதை. செம்புத் திருட்டுக்காகத்தான் திறந்தேன், பெண்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று வெளியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மெஷினைப் போடட்டும். இவ்வளவையும் தேன் ஒழுகச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்தான்.

பூட்டக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தில் வாரா வாரம் ஊசி இருக்கிறது. இரண்டு தடவை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளின் வயிறு இருக்கிறது. ஆமாம், தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, பொய்யில்லை. அவள் நாத்தனாரைப் பார்த்தாள்.

நேற்று திரும்பிப் படுத்ததிலிருந்து வாயைத் திறக்காதவள் அப்போது திறந்தாள். "அண்ணி, என் பேரோட நிறுத்திடாதீங்க."

பூட்டக்கா எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, மூடிவிடாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். அங்கே நின்று, போன நாலு பேரும் எந்த வரிசையில் இருந்தார்கள், எந்த எண் லாக்கர், எவன் சொல்லித் திறந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் ஓடாத கூடத்தில் கடைசி ஆள்வரை கேட்டது.

"நேரா லேபர் ஆபீசுக்குத்தான் போறேன். இதையேதான் சொல்லுவேன். திறந்த கை என்னுது, என் பேரையும் சேர்த்தே எழுதிக்கட்டும்" என்று முடித்தாள்.

பல்லுவின் முகத்தில் அன்றைக்குத்தான் உதடு மூடி இருந்ததைப் பார்த்தோம் என்று பெரியக்கா அப்புறம் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். லேபர் ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது கம்பெனி பூசி மெழுகியது. அத்தனை பேர் பார்க்க நாத்தனாரைக் கைகழுவ முடியவில்லை, நீட்டித்தார்கள். நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். இன்னொருத்தியின் வீட்டுக்குப் பூட்டக்கா தேடிப் போனபோது, அவள் கதவைத் திறந்து ஆளைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். பல்லுவை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள், அதே சம்பளம், அதே நாற்காலி. பூட்டக்காவை மட்டும் வேலையைவிட்டு நீக்கினார்கள். அதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள், வயிறு எரியும். தொழிலாளர்களின் லாக்கரை அனுமதியில்லாமல் திறந்தாளாம்.

அவள் இப்போது ஒரு துணிக்கடை வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறாள். கோபம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கம்பெனி பஸ் தெருவில் போனால் போதும், அதன் சக்கரத்துக்குக் கூடச் சாபம் விடுவாள்.

நாத்தனாருக்கு ஊசி தவறவில்லை. ஏழாம் மாதம் கடந்து, எட்டும் வந்தது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வீட்டில் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. உப்பு போதுமா என்பாள், மழை வரும்போல இருக்கு, கொடியைப் பாருங்க அண்ணி என்பாள். பழையபடி ஆகிவிட்டது என்றே பூட்டக்கா நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்து, நாத்தனாரின் புடவைகளை வைப்பதற்காக அவளுடைய அலமாரிப் பக்கம் போனாள். அதில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பூட்டு. எழுத்தில்லை, சக்கரமில்லை, சாவி போட்டுத் திறக்கிற பூட்டு. அந்த வீட்டில் அதுவரை யாரும் எதையும் பூட்டியதில்லை.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தாள். அண்ணி பார்த்துவிட்டதைப் பார்த்தாள்.

"கட்டில்ல வெச்சிடுங்க அண்ணி. நான் எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பூட்டக்கா புடவைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்ததைப் பார்க்கப் போனாள்.